இருபத்து நான்கு டிகிரி ஒற்றுமை

"என் கெர்டாவுக்குத் தனித் தொட்டி வேணும். தனிச் சூடும் வேணும்."

வீப்கே இப்படிச் சொன்னபோது ஆலர்பெக் ஊர்வன நண்பர்கள் சங்கத்தின் மாதக் கூட்டம் ‘இதர விஷயங்கள்’ என்ற கடைசிக் கட்டத்தில் இருந்தது. அந்தக் கட்டத்தில் எவரும் வாயைத் திறப்பதில்லை. தலைவர் "இதர?" என்று கேட்பார். எல்லாரும் அவரவர் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடுவார்கள். "ஒண்ணுமில்ல, நல்லது" என்று தலைவரே முடித்துவைப்பார். பிறகு வெண்ணெய்க் கேக் வரும். சங்கம் பதிவான நாளிலிருந்து இதுதான் நடைமுறை. இன்றைக்குக் கேக் கதவு வரை வந்து அப்படியே நின்றுவிட்டது.

கேக் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் பொருளாளர் ஹன்னே. வீப்கேயை முன்கூட்டியே எச்சரித்தவளும் அவள்தான். "என்ன வேணா கேளுடி. கேக்குல பாதாம் ஜாஸ்தி கேளு. கக்கூஸ்ல புதுக் கண்ணாடி கேளு. என் பதவியையே கேளு, கையெடுத்துக் கும்பிட்டுத் தந்துடறேன். ‘தனி’ங்கற வார்த்தைய மட்டும் இந்த வாசப்படிக்குள்ள எடுத்துடாத. எக்கார்டுக்கு ஆகாது."

எக்கார்ட் என்பவர் தலைவர் டாக்டர் எக்கார்ட் லூடர்ஸ். மனிதருக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரும் அல்ல, மாட்டுக்குப் பார்க்கிறவரும் அல்ல. கால்வாயில் இரண்டு படகுகள் எதிரெதிரே வந்தால் எது ஒதுங்க வேண்டும் என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மதிப்புக்குரிய ஃப்ராவ் டாம்சன், நீங்க சொன்னது எங்க காதுல விழுந்துச்சு."

வீப்கேயை ‘ஃப்ராவ்’, அதாவது அம்மணி, என்று குடும்பப் பெயரோடு அழைத்ததும் கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. சங்கத்தில் சேருகிற அன்றே எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லி ‘நீ’ போட்டுப் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. எழுபது தாண்டிய தலைவரைக்கூட "எக்கார்ட், நீ கொஞ்சம் நகந்து உக்காரு" என்று சொன்னால்தான் அவருக்குச் சந்தோஷம். இங்கே ‘நீங்க’ என்பது மரியாதை அல்ல, தண்டனை. கடைசியாக அது விதிக்கப்பட்டது ஆமைப் பிரிவுக்காரர் ஒருவருக்கு. அவர் ஆமைகளோடு ஊரை விட்டே போய்விட்டார்.

"மறுபடியும் அதையேதான் சொல்றேன்," என்றாள் வீப்கே. "பாம்பு எல்லாம் ஒரே இனம் இல்ல. ஒண்ணா போட்டு ஒரே சூட்டுல வச்சா, ஒண்ணு வேகும், ஒண்ணு விறைக்கும், ஒண்ணு இன்னொண்ணத் தின்னும்."

"இது கருத்து," என்றார் தலைவர். "கருத்துக்கு இங்க எப்பவும் இடம் உண்டு. ஆனா கேக் ஆறுது."

வெண்ணெய்க் கேக் ஆறிய பிறகுதான் சாப்பிடுவார்கள். ஆனாலும் எல்லாரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டி ஆமோதித்தார்கள்.

கெர்டா ஒரு பந்து மலைப்பாம்பு. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு உருண்டையாகச் சுருண்டுவிடும் சாது. வீப்கே பள்ளியில் படித்தபோதே அவளிடம் வந்து சேர்ந்தது. அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அப்பா தரைக்கு ஓடு பதிப்பவர், அம்மா மீன் ஆலையில் வேலை பார்த்தவள். குளிர்காலத்தில் சமையலறையில் மட்டும்தான் ஹீட்டர் எரியும். அண்ணன்கள் சண்டை போடுவதும், அப்பா கால்பந்து பார்ப்பதும், அம்மா துணி உலர்த்துவதும், வீப்கே உயிரியல் படிப்பதும் எல்லாம் அங்கேதான். சத்தம் தாங்காமல் தன் அறைக்கு ஓடினால் விரல் விறைத்துவிடும். அங்கே சூடாக இருந்த ஒரே பொருள் கெர்டாவின் தொட்டி. அந்தக் கண்ணாடியில் ஒரு கையை ஒட்டிக்கொண்டு மறு கையால் எழுதி எழுதித்தான் அவள் தேறினாள். பட்டத்தில் ஒரு பெயர்தான் போட இடம் இருந்தது. இல்லாவிட்டால் இரண்டு பெயர் போட்டிருக்க வேண்டும்.

படிப்பு முடிந்து ஆலர்பெக்கில் தண்ணீர் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. வாடகைக்கு ஓர் அறையும் கிடைத்தது. ஒப்பந்தத்தில் ‘ஊர்வனவற்றுக்கு அனுமதி இல்லை’ என்று ஒரு வரி இருந்தது. வேறு வழியில்லாமல் கெர்டாவைச் சங்கத்தில் விட்டாள். அப்போது ஒவ்வொரு பாம்புக்கும் ஒரு தொட்டி, ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு விளக்கு. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு குளிர்காலமும் மின்கட்டண உயர்வும் கைகோத்துக்கொண்டு வந்தன. சங்கத்துக்குத் தத்துவம் பிறந்தது.

சங்கத்தின் வீடு ஒரு காலத்தில் வங்கிக் கிளை. காசாளர்கள் உட்கார்ந்திருந்த நீண்ட இடத்தைக் கண்ணாடியால் அடைத்து ‘பெரும் பொதுத் தொட்டி’ ஆக்கினார்கள். திறப்பு விழாவில் தலைவர் ஆற்றிய உரையை இன்றைக்கும் சில உறுப்பினர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

"நண்பர்களே! நாட்டையே ரெண்டாப் பிரிச்ச சுவரை இடிச்ச ஜனம் நாம. பாம்புக்கும் பாம்புக்கும் நடுவுல மட்டும் எதுக்குக் கண்ணாடிச் சுவர்? சோளப்பாம்பு அமெரிக்காக்காரி, மலைப்பாம்பு ஆப்பிரிக்காக்காரி. அதனால என்ன? ஆலர்பெக்குக்கு வந்தாச்சுன்னா ஆலர்பெக் சூட்டுக்குப் பழகணும். ஒரே கூரை, ஒரே சூடு! யாருக்கு எவ்வளவு சூடு வேணும்னு கேட்டா, அது சலுகை. எல்லாருக்கும் ஒரே சூடு குடுத்தா, அது நீதி!"

மேசைகள் அதிர்ந்தன.

ஒரே சூடு என்றால் எத்தனை டிகிரி என்பது அடுத்த கேள்வி. இதைப் புத்தகம் பார்த்து முடிவு செய்வது ஜனநாயகம் அல்ல என்பதால் வாக்கெடுப்பு நடந்தது. மலைப்பாம்பு வைத்திருந்த வீப்கே முப்பத்திரண்டு என்றாள். சோளப்பாம்புக்காரர்கள் இருபத்தெட்டு என்றார்கள். கோடுப்பாம்புக்காரர் இருபத்து மூன்று என்றார். காற்றோட்டப் பொறுப்பாளர் டெட்லெஃப் பதினாறு என்று எழுதிக் கொடுத்தார். அவரிடம் பாம்பு கிடையாது. எந்த உயிருக்கும் தூங்கும் இடத்தில் பதினாறுதான் ஆரோக்கியம், தானும் தன் மனைவியும் நாற்பது வருஷமாக அதில்தான் தூங்குகிறோம் என்றார். கூட்டி வகுத்ததில் இருபத்து நான்கும் சொச்சமும் வந்தது. சொச்சத்தைச் சிக்கனம் கருதித் தள்ளுபடி செய்தார்கள்.

"எல்லாருக்கும் கொஞ்சம் குறையுது," என்றார் தலைவர் கண் கலங்க. "அப்படின்னா யாருக்கும் அநியாயம் நடக்கல."

இந்தப் பின்னணியில்தான் வீப்கே ‘தனி’ என்ற சொல்லை உச்சரித்தாள். சங்கம் எந்தக் கோரிக்கையையும் நிராகரிப்பதில்லை. அதற்கு ஒரு குழு அமைக்கும். வெப்ப ஆய்வுக் குழு அமைந்தது. அதன் தலைவி வீப்கே. உறுப்பினர்கள் லூடர்ஸ், ஹன்னே, டெட்லெஃப். அதாவது சங்கத்தின் நிர்வாகக் குழு அப்படியே, கூடவே வீப்கே. இனி கெர்டாவுக்குச் சூடு கிடைக்காவிட்டால் அதற்குப் பொறுப்பு குழுத் தலைவிதான் என்பதை அவள் வீட்டுக்குப் போகும் வழியில்தான் புரிந்துகொண்டாள்.

குழு கூடிய இடம் பழைய வங்கி மேலாளரின் அறை. கதவைத் திறந்ததும் கதகதவென்று ஒரு காற்று முகத்தில் வந்து மோதியது. மூன்று நாற்காலிகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு ஹீட்டர். ஒன்று கணகணவென்று சிவந்திருந்தது, ஒன்று நிதானமாக எரிந்தது, மூன்றாவது பேருக்கு மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. வீப்கேக்கு ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். அதன் கீழே தரை இருந்தது.

"இது என்ன, எக்கார்ட்?"

"நீங்க ‘நீங்க’ன்னே சொல்லலாம்," என்று திருத்தினார் தலைவர். "எனக்குச் சிறுநீரகத்துல குளிர் ஏறிடும், அதனால எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. ஹன்னேக்கு நடுத்தரம். டெட்லெஃபுக்கு வேர்க்கும், அவனுக்குக் கம்மி. மனுஷ உடம்பு ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்குமா?"

"அதையேதானே நான் பாம்புக்குச் சொல்றேன்!"

தலைவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "ஃப்ராவ் டாம்சன், உங்க குடும்பத்துல நீங்கதான் மொதல் பட்டதாரி, இல்ல? எனக்குத் தெரியும், ரொம்ப சந்தோஷம். படிப்பு புதுசா வந்த எடத்துல இப்பிடித்தான் இருக்கும். எல்லாத்துக்கும் ஓர் அளவு, எல்லாத்துக்கும் ஒரு காரணம் கேப்பாங்க. தலைமுறை தலைமுறையா படிச்சவங்களுக்குத் தெரியும், காரணம் அவ்வளவு முக்கியமில்ல. சூட்டைப் பங்கு போட்டு வாழ்ந்தா குணம் வளரும்."

"பங்கு போட்டு வாழ்ந்தவ நான்," என்றாள் வீப்கே. "அஞ்சு பேருக்கு ஒரு ஹீட்டர். குணம் ஒண்ணும் வளரல. சளிதான் வளந்துச்சு."

ஹன்னே சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள். அதற்குள் டெட்லெஃப் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார்.

"நேரமாச்சு. காத்து மாத்தணும்."

வெளியே மூன்று நாட்களாகப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. டெட்லெஃப் கூடத்துக்குப் போய் எல்லா ஜன்னல்களையும் அகலத் திறந்தார். பிறகு பொதுத் தொட்டியின் மேல்மூடியையும் திறந்தார். வீப்கே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"ஐயையோ, என்ன பண்ற டெட்லெஃப்! ஜனவரியில பாம்புத் தொட்டியத் தொறந்து வப்பியா?"

"தேங்கின காத்துல பூசணம் வரும்," என்றார் அவர், மழலைக்குச் சொல்வதுபோல. "ஜன்னலக் கொஞ்சமாத் தொறந்து வச்சா சுவர் குளுந்துடும். அகலமாத் தொறந்து சட்டுனு மூடணும். எங்கம்மா பிரசவத்துல நான் பொறக்கறப்பக்கூட ஜன்னல் தொறந்துதான் இருந்துச்சு. காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. வாடகை ஒப்பந்தத்துலயே வாடகைக்காரனுக்கு விதிச்ச கடமை பாம்புக்கு இல்லியா?"

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். ஆலர்பெக்கில் படை கோட்டை மாட்டிக்கொண்டு காற்று வாங்கியது, பாம்புதான் நடுங்கியது. ஒரு பனித்துகள் மிதந்து வந்து கெர்டாவின் முதுகில் உட்கார்ந்தது. கெர்டா உருண்டையாகச் சுருண்டாள்.

"பாத்தியா," என்றார் டெட்லெஃப். "நல்ல காத்து பட்டதும் எப்பிடி ஓய்வெடுக்குது."

அடுத்த வாரம் ஒரு கோடுப்பாம்பு காணாமல் போனது. பெயர் ஊட்டே. மெல்லிய உடம்பும் சுறுசுறுப்பும் கொண்ட பகல்நேரப் பிராணி. தொட்டியின் எல்லாக் கல்லையும் புரட்டியும் கிடைக்கவில்லை. அதே தொட்டியில் லோதார் என்றொரு சங்கிலிப்பாம்பு இருந்தது. கறுப்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஆள். காட்டில் மற்ற பாம்புகளைத் தின்று வாழும் இனம். லோதார் அன்றைக்கு நடுவில் தடித்து, அசையாமல், மிகுந்த மன நிம்மதியோடு படுத்திருந்தான்.

"எக்கார்ட், லோதார் ஊட்டேயத் தின்னுட்டான்," என்றாள் வீப்கே.

"அவசரப்பட்டு யாரையும் குத்தம் சொல்லக் கூடாது," என்றார் தலைவர். "லோதாரோட தரப்பையும் கேக்கணும்."

லோதார் தரப்பில் யாரும் வாய் திறக்கவில்லை. அன்று மாலை அஞ்சலிக் கூட்டம் நடந்தது. எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நின்றார்கள். தலைவர் பேசினார்.

"ஊட்டே நம்ம விட்டுப் போகல. நம்ம திட்டத்தோட நோக்கம் என்ன? வேற வேற இனம் ஒண்ணோட ஒண்ணு நெருங்கணும். இதைவிட எப்பிடி நெருங்க முடியும்? இதோ, சங்க வரலாத்துலயே முதல் முறையா, ஓர் உறுப்பினர் இன்னோர் உறுப்பினரோட முழுமையா ஒன்றிணைஞ்சிருக்கார்."

ஊட்டேயின் சொந்தக்காரர் விம்மினார். துக்கத்தில்தான். ஆனாலும் அவரும் மேசையைத் தட்டினார். பழக்கம்.

அந்த வாரக் கடைசியில் கெர்டாவின் மூச்சில் சத்தம் வந்தது. வீப்கே கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டாள். கெட்டில் கொதிக்கத் தொடங்கும்போது வருமே, அந்த மாதிரி ஒரு கிர்ர். மூக்குத் துவாரத்தில் சின்னக் குமிழி. இரண்டு வாரமாக எலியைத் தொடவுமில்லை. செல்போனில் எடுத்த படத்தைக் காட்டியதும் கால்நடை வைத்தியர் சுற்றி வளைக்கவில்லை. "நுரையீரல்ல சளி. மருந்து அப்புறம். மொதல்ல சூடு. இன்னும் கொஞ்ச நாள் இதே குளிர்ல வச்சீங்கன்னா, மருந்து வேண்டியிருக்காது."

வீப்கே அன்று மாலையே ஒரு வெந்நீர்ப் பையைக் கம்பளி உறைக்குள் போட்டு, கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்து, கெர்டாவின் பக்கத்தில் வைத்தாள். கெர்டா மெதுவாக ஊர்ந்து வந்து அதன் மேல் படுத்தாள். வீப்கேக்கு அழுகை வந்தது. அழுது முடிப்பதற்குள் சோளப்பாம்புகள் வந்தன. அவற்றின் பின்னால் மிச்சமிருந்த கோடுப்பாம்புகள் வந்தன. கடைசியாக லோதார் வந்தான், எல்லாரையும் ஒரு முறை முகர்ந்து பார்த்துக்கொண்டு. ஒரு தலையணை அகலத்துக்குள் அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவராக ஏறிக்கொண்டார்கள். குளிரில் ஒரே ஓர் அடுப்பு எரிந்தால் பகையாளியும் பக்கத்தில்தான் உட்காருவான்.

அப்போது பார்த்து உள்ளே வந்தார் தலைவர். கண்ட காட்சியில் தொப்பி கையிலிருந்து நழுவியது.

"ஹன்னே! டெட்லெஃப்! ஓடி வாங்க! ஒற்றுமை வந்துடுச்சு!"

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. ‘கட்டித் தழுவும் பாம்புகள்: ஆலர்பெக் வழி காட்டுகிறது.’ கீழே தலைவரின் பேட்டி: "இவங்களுக்குச் சூடு பத்தலன்னு சிலர் சொன்னாங்க. பாருங்க, ஒருத்தருக்கு ஒருத்தர் குடுக்குற சூடே போதும்."

படத்தின் மூலையில் கம்பளி உறை கொஞ்சம் தெரிந்தது. தலைவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். வெந்நீர்ப் பை பறிமுதல் ஆனது. குற்றம்: அனுமதியற்ற தனியார் வெப்பம். இனி யாரும் இப்படி ஒற்றுமையில் தலையிடாதிருக்க, தொட்டிக்கு மூன்று பூட்டுகள் போட்டார்கள். சாவிகள் தலைவர், பொருளாளர், காற்றோட்டப் பொறுப்பாளர் மூவரிடமும் ஆளுக்கொன்று. மூவரும் கூடி நின்றால்தான் திறக்கும். காற்று மாற்றும் வேளை மட்டும் விலக்கு. டெட்லெஃப் மேல்மூடியில் கை நுழையாத கம்பி வலை ஒன்றை அடித்துவிட்டார். பனி நுழையும்.

"அப்படின்னா கெர்டாவ நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள் வீப்கே.

"தாராளமா," என்றார் தலைவர். "இங்க யாரையும் கட்டி வைக்கல. கெர்டா நம்ம சங்கத்தோட பேசா உறுப்பினர். வருஷக் கடைசிக்குள்ள விலகல் சொன்னா, அதுக்கு அடுத்த வருஷக் கடைசியில அது அமலுக்கு வரும். வருஷக் கடைசி போன மாசமே தாண்டிடுச்சு. அதனால பொறுமையா யோசிக்க உங்களுக்கு நிறைய நேரம் இருக்கு."

"அதுவரைக்கும் அவ உயிரோட இருக்க மாட்டா!"

"மரணம் வேற பிரிவு," என்றார் தலைவர். "அதுல உறுப்பினர் தகுதி தானா முடிஞ்சுடும். அதுக்கு அறிவிப்புக் காலம் கெடையாது. நம்ம சட்டதிட்டம் எவ்வளவு மனிதாபிமானமா இருக்கு பாத்தீங்களா? இன்னொண்ணு. விலகல உறுப்பினரே சொல்லணும். நீங்க சொன்னா செல்லாது."

ஹன்னே அவளை வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். "நான் அப்பவே சொன்னேன், கேட்டியா?"

"ஹன்னே, உனக்கே தெரியும் இது பைத்தியக்காரத்தனம்னு."

"தெரியும்டி. ஆனா நான் பொருளாளர். எனக்குத் தெரிஞ்சது கணக்குல வராது." சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வியாழக்கிழமை அவசரப் பொதுக்கூட்டம். தொலைக்காட்சிக்காரங்க வராங்க. எக்கார்ட் அன்னிக்கு மூணு சாவியும் போட்டுத் தொட்டியத் தெறக்கச் சொல்லுவார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதுவும் எனக்குத் தெரியாது."

வியாழக்கிழமை காலையில் வீப்கே வீட்டுக்கார அம்மாவின் கதவைத் தட்டினாள். ஃப்ராவ் என்னோ தலையில் சுருள்கட்டைகளோடு வந்து நின்றாள். இந்தக் கதவைத் தட்டக் கூடாது, ஒப்பந்த வரியைக் கிளறக் கூடாது, கிளறினால் அறை போய்விடும் என்று வீப்கே இத்தனை நாள் பயந்திருந்தாள்.

"என்கிட்ட ஒரு பாம்பு இருக்கு. உடம்பு சரியில்ல. இன்னிக்கு ராத்திரி இங்க கொண்டு வரேன். ஒப்பந்தத்துல கூடாதுன்னு இருக்கு. வெளிய போகச் சொன்னீங்கன்னா போயிடறேன், ஆனா பாம்போடதான் போவேன்."

ஃப்ராவ் என்னோ யோசித்தாள். "ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தம் போடுமா?"

"போடாது."

"ஞாயித்துக்கிழமை?"

"என்னிக்குமே போடாது."

"மாடிப்படி கழுவுற முறை உன்னோடது, அதுல மாத்தம் இல்லியே?"

"இல்ல."

"பின்ன எதுக்குடி காலங்காத்தால கதவ இடிக்கிற? மேல் மாடிக்காரன் பேரனுக்கு டிரம்பெட் வாங்கிக் குடுத்திருக்கான், அதக் கேப்பார் இல்ல. நீ பாம்புக்கு வந்து நிக்கிற." கதவு சாத்திக்கொண்டது. மறுபடி திறந்தது. "கழுத்தச் சுத்தி எல்லாம் போட்டுக்கிட்டு படிக்கட்டுல எறங்காத. எனக்கு நெஞ்சு படபடன்னு வரும்."

அவ்வளவுதான். குழு இல்லை, வாக்கெடுப்பு இல்லை. வீப்கே பழைய தொட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள், துடைத்தாள், ஒரு மூலையில் விளக்கை மாட்டினாள், சூடு பார்த்தாள். சூடான மூலை முப்பத்திரண்டு, ஆறின மூலை அதைவிடக் குறைவு. வேண்டுமென்றால் இங்கே, வேண்டாமென்றால் அங்கே என்று பாம்பே நகர்ந்துகொள்ளும். அத்தனை சண்டையும் இந்த ஒரு விளக்குக்குத்தான். விளக்கை எரியவிட்டே கூட்டத்துக்குப் போனாள்.

கூடம் நிறைந்திருந்தது. உறுப்பினர்கள் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். வரவு செலவு வாசித்தாயிற்று, நிர்வாகக் குழு தன் கடமையைச் செவ்வனே செய்ததாக நிர்வாகக் குழு முன்மொழிய, கூட்டம் கைதூக்கி அதை ஏற்றாயிற்று. தனித் தொட்டிக் கோரிக்கை அடுத்து வந்தது. வெப்ப ஆய்வுக் குழுவின் அறிக்கை வரும்வரை அதை ஒத்திவைக்கலாம் என்றார் தலைவர்.

"அறிக்கை இங்க இருக்கு," என்று வீப்கே எழுந்தாள். "அந்தக் குழுவுக்கு நான்தான் தலைவி. ஒரே வரிதான். கெர்டா செத்துக்கிட்டிருக்கா."

"குழுவுல நாங்க மூணு பேர் இதை ஏத்துக்கல," என்றார் தலைவர். "அதனால கெர்டாவோட நிலைமை மூணுக்கு ஒண்ணுன்னு திருப்திகரம்."

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. தலைவர் குரலை உயர்த்தினார்.

"நண்பர்களே, வெளியூர்லருந்து வந்து கேக்கறாங்க, ‘உங்க வெற்றிக்கு என்ன ரகசியம்?’னு. ரகசியம் ஒண்ணுதான். நாங்க பாம்பக் கேக்கறதில்ல. கேட்டா ஒவ்வொண்ணும் ஒவ்வொண்ணு சொல்லும். கேக்காம விட்டா எல்லாம் ஒண்ணா இருக்கும். இந்தக் குளிர்காலத்துல நம்ம சங்கம் மிச்சம் பிடிச்ச மின்சாரத்துல..." ஹன்னே அவர் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். "...அது நிர்வாக அறைக்குப் போச்சு. பரவால்ல. மின்சாரமும் சங்கத்துக்குள்ளயே ஒன்றிணைஞ்சிருக்கு."

மேசைகள் அதிர்ந்தன. கையுறை போட்டிருந்ததால் சத்தம் கொஞ்சம் அமுங்கிக் கேட்டது.

மூன்று சாவிகளும் வந்தன. தொட்டி திறந்தது. தொலைக்காட்சிப் பெண் ஒரு பாம்பைக் கையில் எடுத்துக் காட்ட முடியுமா என்று கேட்டாள். தலைவர் ஓர் அடி பின்னால் போனார். இத்தனை வருஷமாக ஊர்வன நண்பர்களுக்குத் தலைவராக இருந்தும் அவர் ஒரு பாம்பையும் தொட்டதில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

"வீப்கே! கண்ணு, நீ வா," என்றார். தண்டனை ரத்தாகிவிட்டது. "உன் கெர்டாவத் தூக்கிக் காட்டு. எவ்வளவு சந்தோஷமா இருக்கான்னு ஜனங்க பாக்கட்டும்."

வீப்கே கையை உள்ளே விட்டு கெர்டாவைத் தூக்கினாள். எப்போதும் கனக்கும் உடம்பு, இப்போது ஈரத்துணி போல் தொங்கியது. தோல் தண்ணென்றிருந்தது. கேமரா நெருங்கிய அமைதியில் அந்தக் கிர்ர் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"அது என்ன சத்தம்?" என்றாள் தொலைக்காட்சிப் பெண்.

"திருப்தி," என்றார் தலைவர்.

வீப்கே அவரைப் பார்த்தாள். பதில் சொல்ல நிறைய இருந்தது. வரும் வழியெல்லாம் கோத்துவைத்திருந்தாள், ஒவ்வொரு வாக்கியமும் செருப்படி. ஆனால் கையில் இருந்த உடம்புக்கு வாக்கியத்தால் சூடு ஏறாது. ஸ்வெட்டரின் அடியைத் தூக்கி, கெர்டாவைத் தன் வயிற்றோடு சேர்த்து உள்ளே விட்டுக்கொண்டு, கோட்டின் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டாள்.

"எங்க போற? இன்னும் கூட்டம் முடியல!" என்றார் தலைவர்.

"எனக்கு முடிஞ்சுது."

"கூட்டத்துலருந்து ஒரு உறுப்பினரத் தூக்கிட்டுப் போறதுக்குத் தீர்மானம் வேணும்! யாராவது முன்மொழியணும், வழிமொழியணும்..." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஃப்ராவ் டாம்சன்! நீங்க இப்ப வெளிய போனீங்கன்னா, இந்தச் சங்கத்துல உங்களுக்கு எடம் இருக்காது!"

"எடம் எனக்கு வேணாம். அவளுக்குத்தான் வேணும். இருக்கு."

யாரோ ஒருவர் பின்வரிசையில் முன்மொழிந்தார். யாரோ வழிமொழிந்தார். எதை என்று அவர்களுக்குள்ளேயே சர்ச்சை எழுந்தது. ஹன்னே தலையைக் குனிந்துகொண்டு, கை தூக்கியவர்களை எண்ண ஆரம்பித்தாள், ஒவ்வொரு தடவையும் நடுவில் கணக்குத் தவறி, மறுபடி முதலிலிருந்து.

வீப்கே நடுப்பாதையில் நடந்தாள். ஓடவில்லை. பனியில் வழுக்கி விழுந்தால் அடிபடுவது அவள் மட்டும் அல்ல. வயிற்றில் பனிக்கட்டி கட்டினாற்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். தெருவிளக்கைத் தாண்டும்போது அந்தக் குளிர்ந்த உடம்பு ஸ்வெட்டருக்குள் லேசாக அசைந்தது. மெதுவாக, மிக மெதுவாக, சூடு அதிகமிருந்த விலாப்பக்கம் நகர்ந்து, இடுப்பைச் சுற்றி ஒரு சுற்றுப் போட்டு இறுக்கிக்கொண்டது.